கைப்பையா, செக்-இன் பெட்டியா, உள்ளே போய் வாங்குவதா: விமானத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழிகள்

விமானப் பயணத்துக்குச் சாப்பாடு கட்டும்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதை விடுவார்களா?" அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். ஏறும் இடத்தில் எக்ஸ்ரே திரையைப் பார்க்கும் பாதுகாப்பு ஊழியர் ஒருவர்; இறங்கும் இடத்தில் சுங்கத்துறையிலோ வேளாண் பரிசோதனையிலோ நிற்கும் அதிகாரி இன்னொருவர். முதலாமவருடைய கவலை வெடிபொருள். அதனால் பையில் இருப்பது ஓடுகிறதா, வழிகிறதா, கட்டியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். இரண்டாமவருடைய கவலை பூச்சியும் நோயும். அவர் கேட்பது இறைச்சியா, பாலா, பழமா, விதையா, எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பது. ஒரு முழு ஆப்பிள் முதலாமவரை எந்தச் சிக்கலும் இல்லாமல் தாண்டிவிடும், இரண்டாமவரிடம் அபராதம்வரை கொண்டுபோய் விடலாம். சீல் உடையாத ஜாம் பாட்டிலின் கதை நேர் எதிர்: கைப்பையில் இருந்தால் முதலாமவர் எடுத்துவிடுவார், பெட்டியில் போயிருந்தால் இரண்டாமவர் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

ஆகவே ஒரு பண்டத்தை எந்த வழியில் கொண்டுபோவது என்பதை, இந்த இருவரில் யாருடைய கேள்வி அந்தப் பண்டத்துக்குக் கடினமானது என்று பார்த்து முடிவு செய்வதுதான் சரி. பெரும்பாலானோர் முதலாமவரை நினைத்தே அஞ்சுகிறார்கள். அவரிடம் இழப்பது ஒரு டப்பா. பணம் இழப்பதெல்லாம் இரண்டாமவரிடம்தான்.

கைப்பையில் எடுத்துப்போவது

இப்போதுள்ள திரவக் கட்டுப்பாடு 2006 ஆகஸ்டில் தொடங்கியது. பிரிட்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கத் தீட்டிய சதி அப்போது வெளிப்பட்டது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சில வாரங்களுக்குத் திரவம் எதையும் கைப்பையில் விடவில்லை. செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவும் நவம்பர் 6 அன்று ஐரோப்பிய ஒன்றியமும் 100 மி.லி. விதியைக் கொண்டுவந்தன, அடுத்த ஆண்டு அதுவே உலக வழக்கமானது. ஒவ்வொரு டப்பாவும் 100 மி.லி.க்குள் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து சுமார் ஒரு லிட்டர் கொள்ளும், மூடித் திறக்கக்கூடிய ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். ஆளுக்கு ஒரு பைதான். பற்பசையும் ஷாம்பும்கூட அதே பைக்குள்தான் வர வேண்டும் என்பதால் சாப்பாட்டுக்கு மிஞ்சும் இடம் அரை லிட்டர்கூடத் தேறாது.

எது திரவம் என்பதில்தான் சண்டையே வருகிறது. ஊற்ற முடிந்தால், பூச முடிந்தால், பிதுக்க முடிந்தால், சிந்தக்கூடியதாக இருந்தால் அது திரவக் கணக்கு. தயிர், தேன், ஜாம், சூப், குழம்பு, வேர்க்கடலை வெண்ணெய், கரண்டியால் எடுக்கும் மென்மையான சீஸ், சர்க்கரைப் பாகில் ஊறிய டின் பழம், எண்ணெயில் மிதக்கும் ஊறுகாய் எல்லாம் இந்தப் பக்கம். ரொட்டி, பிஸ்கட், கேக், கெட்டிச் சீஸ், சாக்லெட் கட்டி, பருப்பு வகைகள், உலர் பழம், அவித்த முட்டை, வறுத்த துண்டுகள், நறுக்கிய காய்கறி எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் மாட்டுவது குழம்பு சேர்ந்த சோறு, சாஸ் ஊற்றிய சாலட், க்ரீம் நிரப்பிய கேக் போன்றவை. இவற்றில் முடிவு அன்று அந்த வரிசையில் நிற்கும் ஊழியருடையது. அவரோடு வாதாடி ஜெயிப்பவர்கள் அரிது. சாஸைத் தனியாக 50 மி.லி. டப்பாவில் எடுத்து, உள்ளே போனபின் கலந்துகொண்டால் வாதத்துக்கே வேலையில்லை. வேர்க்கடலை வெண்ணெயை பாட்டிலோடு கொண்டுபோனால் திரவம். அதையே ரொட்டிக்குள் தடவி சாண்ட்விச்சாக்கிவிட்டால் சாப்பாடு. தர்க்கத்தில் இடிக்கிறதுதான், ஆனால் நடைமுறை இதுதான்.

அளவில் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். ஒன்று, கணக்கு டப்பாவின் கொள்ளளவுக்கு, உள்ளே மீதி இருப்பதற்கு அல்ல. 200 மி.லி. பாட்டிலின் அடியில் இரண்டு கரண்டி தேன் இருந்தாலும் அது 200 மி.லி. பாட்டில்தான். இன்னொன்று, உணவு லேபிளில் பெரும்பாலும் மி.லி. இருக்காது, கிராம்தான் இருக்கும். தேன் தண்ணீரைவிடக் கனமானது, 100 மி.லி. தேன் ஏறத்தாழ 140 கிராம் நிற்கும். அதாவது 125 கிராம் என்று அச்சிட்ட தேன் பாட்டிலில் தேன் 90 மி.லி. அளவில்தான் இருக்கும். ஆனாலும் வரிசையில் அடர்த்திக் கணக்கு எடுபடாது. அச்சிட்ட எண்ணைத்தான் பார்ப்பார்கள். லேபிளில் 100-க்கு மேல் எந்த எண் இருந்தாலும் அது பெட்டிக்குப் போகட்டும்.

புது வகை சி.டி. ஸ்கேனர்கள் வந்த இடங்களில் இந்தத் தொல்லை குறைகிறது. இவை பையை முப்பரிமாணத்தில் சுற்றிப் பார்ப்பதால் உணவையும் மடிக்கணினியையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. சில விமான நிலையங்களில் ஒரு டப்பாவுக்கு 2 லிட்டர்வரை விடுகிறார்கள். எடின்பரோவும் பர்மிங்ஹாமும் 2025 ஜூலையில் இந்த வரம்புக்கு மாறின, டப்ளின் அதே ஆண்டு செப்டம்பரில். ஆனால் இதை நம்பிப் பை கட்டுவது ஆபத்து. 2024-ல் பிரிட்டனின் சில விமான நிலையங்களில் ஜூன் மாதமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் செப்டம்பர் 1 அன்றும், தளர்த்திய வரம்பை மறுபடி 100 மி.லி.க்குக் கொண்டுவந்தார்கள். போகும்போது 2 லிட்டர் விட்ட நிலையம், திரும்பும்போது ஏறும் நிலையத்துக்குப் பொறுப்பேற்காது. பயணத்தில் எத்தனை செக்கிங் உண்டோ, அவற்றில் எது கெடுபிடியானதோ அதற்கு ஏற்பத்தான் பை கட்ட வேண்டும்.

கட்டி உணவு என்றாலே கேள்வியில்லாமல் போய்விடும் என்பதும் இல்லை. எக்ஸ்ரே திரையில் உயிர்ப்பொருள் சார்ந்தவை ஆரஞ்சு நிறத்திலும் உலோகம் நீலத்திலும் தெரியும். சாப்பாடு ஆரஞ்சு, பிளாஸ்டிக் வெடிபொருளும் ஆரஞ்சு. ஒரே சீரான அடர்த்தியுள்ள பெரிய கட்டி, அதாவது ஒரு கிலோ சீஸ், தடித்த சாக்லெட் பாளம், பழக் கேக் போன்றவை திரையில் சந்தேகத்துக்கு இடம் தருகின்றன. அதன் மேலேயே சார்ஜர் வயரும் பவர் பேங்க்கும் சுருண்டு கிடந்தால் பை நிச்சயம் ஓரங்கட்டப்படும். இதைத் தவிர்ப்பது எளிது:

உணவை ஒரே துணிப்பையில் போட்டு, கைப்பையின் மேல்தட்டில், எலக்ட்ரானிக் சாமான்களிலிருந்து விலக்கி வையுங்கள். பழைய வகை ஸ்கேனர் என்றால் சொல்வதற்கு முன்பே அந்தத் துணிப்பையைத் தனி ட்ரேயில் போட்டுவிடுங்கள். பெரிய கட்டியை வீட்டிலேயே துண்டு போட்டுப் பரப்பி வைத்தால் திரையில் அடர்த்தி குறையும். டப்பா ஒளிபுகும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அடுக்கு எவர்சில்வர் டப்பாவைத் திரையில் ஊடுருவிப் பார்ப்பது சிரமம். அடுக்கடுக்காகத் திறந்து காட்டச் சொல்வார்கள், பின்னால் நிற்கும் வரிசை முழுக்க உங்களைப் பார்க்கும். மெல்லிய அலுமினியத் தாள் எக்ஸ்ரேயை மறைக்காது. ஆனால் கையால் சோதிக்க நேர்ந்தால் அதைக் கிழித்துத்தான் பார்ப்பார்கள், பிறகு சுற்ற முடியாது. பையில் ஒரு மாற்றுக் கவர் இருப்பது நல்லது.

பொடி வகைக்குத் தனிச் சட்டம். 2018 ஜூன் 30 முதல் அமெரிக்கா செல்லும் சர்வதேச விமானங்களில் 350 மி.லி.க்கு மேற்பட்ட பொடியைக் கைப்பையில் தனியாகச் சோதிக்கிறார்கள். என்ன பொடி என்று தீர்மானிக்க முடியாவிட்டால் விட மாட்டார்கள். 350 மி.லி. என்பது கொள்ளளவு. கோதுமை மாவென்றால் 200 கிராம் சுமாருக்கு அந்த அளவு நிரம்பிவிடும். சர்க்கரை 300 கிராம் அளவுக்கு வரும். ஆஸ்திரேலியா கனிமப் பொடிக்கும் தாவர, பால் பொடிக்கும் வேறுபாடு பார்க்கிறது: அங்கே சர்வதேச விமானம் ஏறுகிறவர் காப்பித்தூளும் மாவும் மசாலாவும் கொண்டுபோகலாம், ஆனால் உப்பு கனிமம் என்பதால் 350 மி.லி. தாண்டக் கூடாது. பொதுவாக, கால் கிலோவுக்கு மேல் எந்தப் பொடியையும் கைப்பையில் வைப்பதில் பலனில்லை. பொடி கெடாது, கசியாது, உடையாது. பெட்டிக்கென்றே பிறந்த சாமான் அது.

ஐஸ் பேக் பற்றி நாட்டுக்கு நாடு பேச்சு மாறும். அமெரிக்காவில் செக்கிங் நேரத்தில் கல்லாக உறைந்திருந்தால் விடுவார்கள். சற்றே உருகி, அடியில் தண்ணீர் நின்றால் அது திரவம், 100 மி.லி. விதி பாய்ந்துவிடும். வீட்டிலிருந்து கிளம்பி வரிசைக்கு வருவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடும் என்பதால் இதை நம்புவது சூதாட்டம். இன்னும் உறுதியான வழி, காலி ஜிப் கவர் ஒன்றை எடுத்துப்போய் உள்ளே ஏதாவது காப்பிக் கடையில் ஐஸ் கேட்டு நிரப்பிக்கொள்வது. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு வழி வேறு, அது தாராளமானது. தாய்ப்பால், பால்பொடிக் கரைசல், குழந்தை உணவு ஆகியவற்றுக்கு 100 மி.லி. வரம்பு பெரும்பாலான நாடுகளில் கிடையாது. பயணத்துக்குத் தேவையான அளவு என்பதுதான் அளவுகோல். அமெரிக்காவில் தாய்ப்பால் கொண்டுபோக உடன் குழந்தை இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரிட்டனில் தாய்ப்பால் டப்பா ஒவ்வொன்றும் 2 லிட்டர்வரை இருக்கலாம், ஆனால் உறைந்த தாய்ப்பாலைக் கைப்பையில் விட மாட்டார்கள், அது பெட்டியில்தான் போக வேண்டும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் உறைய வைத்துக் கொண்டுவந்து வரிசையில் திகைக்கிறவர்கள் உண்டு. இவற்றைத் திரவப் பையில் திணிக்காமல் தனியாக வைத்து, பை ஸ்கேனருக்குள் போகும் முன்பே ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும். டப்பாவைத் திறக்கவோ ருசி பார்த்துக் காட்டவோ சொல்லலாம். மருத்துவக் காரணத்துக்கான திரவ உணவுக்கும் இதே முறைதான், கூடவே மருத்துவர் கடிதம்.

செக்-இன் பெட்டியில் போடுவது

இங்கே 100 மி.லி. கிடையாது, ஐஸ் பேக் தகராறு கிடையாது. ஊறுகாய், தேன், எண்ணெய், ஜாம், பொடி எல்லாம் இந்த வழிக்கு. தடை வேறு மூன்று: எடை, கசிவு, சூடு.

எடை தெரிந்ததுதான். பல நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்று வைத்திருக்கின்றன; கண்ணாடி பாட்டிலில் வரும் உணவில் கணிசமான பங்கு கண்ணாடியின் எடை. பாட்டிலிலிருந்து கனமான பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் எடை குறையும். ஆனால் தொழிற்சாலை சீலும் லேபிளும் போய்விடும். இறங்கும் இடத்தில் அதற்கு மதிப்பு உண்டு. நாட்டுக்குள் பயணமென்றால் மாற்றுங்கள், எல்லை தாண்டுவதென்றால் பாட்டிலோடு போகட்டும்.

கசிவுக்குக் காரணம் பெட்டியைத் தூக்கி எறிவது மட்டுமல்ல, காற்றழுத்தமும்தான். பயணிகள் அறையும் சாமான் அறையும் ஒரே அழுத்தத்தில்தான் இருக்கின்றன. பறக்கும்போது அது 6,000 முதல் 8,000 அடி உயர மலை மேலுள்ள அழுத்தத்துக்கு இறங்கும், அதாவது தரையில் உள்ளதில் நான்கில் மூன்று பங்கு. மூடிய டப்பாவில் சிறைப்பட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரிய முயல்கிறது. திரவம் விரிவதில்லை, விரிகிற காற்று திரவத்தை மூடியின் புரி வழியே வெளியே தள்ளுகிறது. அதனால் "மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பு" என்று சொல்லும் அறிவுரை இங்கே தவறு. உறைய வைக்கிற டப்பாவுக்குத்தான் அது பொருந்தும். விமானத்தில் போகும் எண்ணெய் டப்பாவில் காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. விளிம்புவரை நிரப்புங்கள், மென்மையான பிளாஸ்டிக் பாட்டில் என்றால் லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அமுக்கியபடியே மூடுங்கள். விரிய இடம் கிடைத்துவிடும்.

அதன்பின் கட்டும் வரிசை: வாயின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் இரண்டு மடிப்பு, அதன் மேல் மூடி, மூடியைச் சுற்றி டேப். டப்பாவை உறிஞ்சும் தாளில் சுற்றி ஒரு ஜிப் கவர், காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மேலே இன்னொரு ஜிப் கவர். ஒரு டப்பாவுக்கு ஒரு கவர். நான்கையும் ஒரே கவரில் போட்டால் ஒன்று கசிந்து மற்ற மூன்றும் பாழ். பெட்டியின் நடுவில், எல்லாப் பக்கமும் ஒரு கை அகலத்துக்குத் துணி இருக்கும்படி வையுங்கள். இரண்டு கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று தொடவே கூடாது. உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். "இந்தப் பக்கம் மேலே" என்று எழுதுவதில் பயனில்லை. பெட்டி படுத்துக்கொண்டும் தலைகீழாகவும்தான் போகும்.

செக்-இன் பெட்டியையும் ஸ்கேன் செய்கிறார்கள், தேவைப்பட்டால் நீங்கள் இல்லாதபோது திறந்தும் பார்ப்பார்கள். திறந்தவர் நீங்கள் கட்டிய நேர்த்தியில் திரும்பக் கட்ட மாட்டார். ஒவ்வொரு பண்டமும் தனித்தனியாகப் பாதுகாப்பாக இருந்தால், இடம் மாறி வைத்தாலும் சேதமில்லை.

மூன்றாவது, சூடு. சாமான் அறை உறையும் குளிர் என்று ஒரு நம்பிக்கை. பாலையும் இறைச்சியையும் அதை நம்பிப் போடுகிறார்கள். அந்த அறை குளிர்பதனப் பெட்டி அல்ல. அதற்கு முன்னும் பின்னும் பெட்டி ஓடுதளத்தருகே வெயிலில் நிற்கும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பு பெட்டியை ஒப்படைக்கிறோம், பறப்பது 6 மணி நேரம், பெல்ட்டில் வந்து வீடு போய்ச் சேர 2 மணி நேரம். மொத்தம் 11 மணி நேரம். சமைத்த சோறு, இறைச்சி, பால் பண்டங்களை 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான உணவுப் பாதுகாப்பு விதி. 32 டிகிரிக்கு மேல் வெயிலென்றால் ஒரு மணி நேரம்தான். சோற்றில் வளரும் சில கிருமிகள் விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஈரமான சமையல் எதுவும் குளிர்ச்சியில்லாமல் பெட்டிக்குப் போகவே கூடாது.

உறைய வைத்துத்தான் கொண்டுபோக வேண்டுமென்றால் டிரை ஐஸ், அதாவது கட்டியாக உறைந்த கரியமில வாயு, உண்டு. அது மைனஸ் 78.5 டிகிரியில் நேரடியாக வாயுவாகிறது, தண்ணீர் விடாது. ஆளுக்கு 2.5 கிலோ வரை, விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு, வாயு வெளியேற வழியுள்ள பெட்டியில், வெளியே டிரை ஐஸ் என்றும் எத்தனை கிலோ என்றும் எழுதி ஒட்டி எடுத்துப்போகலாம். காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தால் வாயு அழுத்தம் ஏறி வெடித்துவிடும். மூடியை இறுக்கி டேப் சுற்றுகிற வழக்கமான கவனம் இங்கே ஆபத்து. ஆனால் பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால் 2.5 கிலோ தாக்குப்பிடிக்குமா என்பதையும் யோசியுங்கள். பெட்டி தாமதமாகும் வாய்ப்பு எப்போதும் உண்டு என்பதால்தான் குழந்தையின் உணவையும் நோயாளியின் உணவையும் இந்த வழியில் விடவே கூடாது.

இரண்டு வழியிலுமே விடாத சில உண்டு. உலர்ந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று ஆபத்தான சரக்குப் பட்டியலில் இருக்கிறது, ஐ.நா. எண் 1363, உரித்த முழுக் கொப்பரையைப் பெட்டியில் அடைத்து வந்து கவுன்டரிலேயே வெளியே எடுத்து வைக்க நேரிடும். தண்ணீர் ஊற்றினால் தானே கொதிக்கும் சுயச்சூடு உணவுப் பொட்டலங்களையும் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. மதுவில் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட சாராயச் செறிவு கூடாது. 24 முதல் 70 சதவீதம் வரையிலானது கடைச் சீலோடு ஆளுக்கு 5 லிட்டர்.

உள்ளே போய் வாங்குவது

தண்ணீருக்கு இதுதான் வழி, விவாதமே இல்லை. காலி பாட்டிலோடு செக்கிங் தாண்டி உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள். செக்கிங்குக்கு அப்புறம் வாங்கிய சூப்பும் தயிரும் அந்த விமானத்துக்குத் தடையின்றி ஏறும். விலை கூடுதல், இரவு நேரத்தில் கடைகள் பாதி மூடியிருக்கும், உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்குத் தேர்வு குறைவு. கப் நூடுல்ஸ், ஓட்ஸ் போன்ற உலர்ந்ததைக் கைப்பையில் எடுத்துப்போய் உள்ளே வெந்நீர் வாங்கிக்கொள்வது இரண்டுக்கும் நடுவான நல்ல வழி. சாப்பாடு சேர்ந்த டிக்கெட் என்றால், விமானம் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே சிறப்பு உணவைக் கேட்டு வைப்பதும் உண்டு. ஆனால் விமானம் மாற்றப்பட்டால் அந்தப் பதிவு பல நேரம் கூடவே வருவதில்லை.

இந்த வழியின் பொறி டிரான்சிட்தான். நடுவில் விமானம் மாறும் ஊரில் மறுபடி செக்கிங் இருந்தால், முதல் ஊரில் உள்ளே வாங்கிய பாட்டில் அங்கே சாதாரணத் திரவமாகிவிடும். ட்யூட்டி ஃப்ரீ கடையில் வாங்கும் எண்ணெய், தேன் முதலியவற்றைச் சிவப்பு விளிம்புள்ள சீல் பையில், ரசீது வெளியே தெரியும்படி போட்டுத் தரச் சொல்ல வேண்டும். கடைசி ஊர் போகும்வரை அதைத் திறக்கக் கூடாது. திறந்தால் அதன் பாதுகாப்பு போய்விடும். அமெரிக்காவுக்குள் இறங்கி உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள் முதல் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்கிறார்கள். அந்த இடைவெளியில் பாட்டிலைப் பெட்டிக்குள் போட்டுவிடுவதே நிம்மதி.

கூரியரில் அனுப்புவதையும் சிலர் யோசிக்கிறார்கள். உலர்ந்த, லேபிளுள்ள, நாள்பட இருக்கும் பண்டத்துக்கு, அதுவும் பெட்டியில் எடை மிஞ்சும்போது மட்டும் சரி. வழியில் வாரம்கூட ஆகலாம், நாட்டுக்குள் நுழையும் உணவு விதிகள் பார்சலுக்கும் உண்டு, விளக்கம் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

இறங்கும் இடத்தின் கேள்வி

சாப்பாடு விமானத்திலேயே தீர்ந்துவிடும் என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு இல்லை. மிச்சமிருந்தால் இதுதான் முக்கியம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருகிறவர் இறைச்சியும் பால் பண்டமும் பொதுவாகக் கொண்டுவரக் கூடாது, சாண்ட்விச்சுக்குள் இருந்தாலும் கூடாது. குழந்தைப் பால்பொடிக்கும் குழந்தை உணவுக்கும் 2 கிலோ வரை விலக்கு உண்டு. தேன் 2 கிலோ, மீன் 20 கிலோ வரை. பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் தேவையில்லை. பிரிட்டன் 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் பயணிகளின் இறைச்சியையும் பால் பண்டத்தையும்கூடத் தடுத்திருக்கிறது, கால்நடைக் கோமாரி நோய்க்காக. அங்கிருந்து வருகிறவர் ட்யூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிச் சீல் உடையாமல் கொண்டுவந்த சீஸுக்கும் விலக்கு இல்லை.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றிலும் கொண்டுவந்த உணவை அறிவித்தாக வேண்டும். அமெரிக்காவில் மறைத்தால் அபராதம் 10,000 டாலர் வரை போகலாம். நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர். ஆஸ்திரேலியாவில் அபராதத்தோடு விசாவையும் ரத்து செய்ய முடியும். அறிவித்துவிட்டால் பொருள் தடை செய்யப்பட்டதாக இருந்தாலும் அதை எடுத்துக்கொள்வதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். இந்த வேறுபாட்டை ஏனோ பலர் நம்புவதில்லை. "ஆம்" கட்டத்தில் குறியிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று "இல்லை"யில் குறியிடுகிறார்கள். மாட்டுவது அப்போதுதான். விமானத்தில் கொடுத்த பழமும் இந்தக் கணக்கில் வரும். இறங்கும் முன் சாப்பிடுங்கள் அல்லது இருக்கையிலேயே விட்டுவிடுங்கள்.

எதற்கு எது

தனியாளாக ஐந்தாறு மணி நேரப் பயணம் என்றால் கைப்பைதான், உலர்ந்த சாப்பாட்டோடு. ஈரமில்லாத சாண்ட்விச், பருப்பு வகை, நறுக்கிய கெட்டிப் பழம், காலி பாட்டில். பெட்டியே இல்லாமல் போகிறவருக்கு வேறு வழியைத் தேடவும் வேண்டாம்.

குழந்தையோடு போனால் மொத்தப் பயணத்துக்கும் தாமதத்துக்குமாகக் கணக்கிட்டு, கூடுதலாக ஒரு வேளைக்கும் சேர்த்துக் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். கரைத்த பாலைவிடப் பொடியும் கொதித்து ஆறிய தண்ணீரும் தனித்தனியாக இருப்பது மேல். கரைத்தது சில மணி நேரத்தில் கெடும், பொடி கெடாது.

உறவினருக்குக் கொண்டுபோகும் ஊறுகாய், தேன், பொடி வகைகளுக்குப் பெட்டி. ஆனால் பெட்டியில் போடும் முன் இறங்கும் நாட்டின் பட்டியலைப் பாருங்கள். இறைச்சி ஊறுகாய்க்கும் காய்கறி ஊறுகாய்க்கும் அங்கே ஒரே பதில் கிடைக்காது. வீட்டில் செய்ததா, கடைச் சீல் உள்ளதா என்ற தேர்வு இருந்தால் எல்லை தாண்ட இரண்டாவதையே எடுங்கள். ருசியில் நட்டம்தான். ஆனால் பொருளின் பெயரும் சேர்மானமும் அச்சிலிருந்தால் அதிகாரி இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவார். லேபிளில்லாத டப்பாவுக்கு உங்கள் வாய்மொழிதான் சாட்சி.

பெரிய கேக், சாக்லெட் போன்றவற்றைப் பெட்டியில் போட்டால் நசுங்கும் அல்லது உருகும், கைப்பையில் வைத்தால் செக்கிங்கில் நிறுத்துவார்கள். நிறுத்தட்டும், ஐந்து நிமிடம் போனாலும் முழுதாக வந்து சேரும். பரிசுத்தாளை மட்டும் போய்ச் சேர்ந்தபின் சுற்றுங்கள்.

இத்தனையும் பார்த்துக் கட்டினாலும் வரிசையில் ஒரு டப்பா மாட்டலாம். அப்போது நான்கு வழிகள் உண்டு, அவற்றுக்கு ஆகும் நேரம் வேறுவேறு. அங்கேயே சாப்பிட்டுவிடலாம். வழியனுப்ப வந்தவர் இன்னும் வெளியே இருந்தால் அவரிடம் கொடுக்கலாம். விமானம் கிளம்ப இரண்டு மணி நேரம் மிச்சமிருந்து, செக்-இன் கவுன்டர் மூடவில்லையென்றால், திரும்பிப் போய் அந்தப் பையையே பெட்டியாக ஒப்படைக்கலாம். அதற்குக் கட்டணம் ஆகலாம், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், பையிலுள்ள பவர் பேங்க்கை முதலில் வெளியே எடுக்க வேண்டும், அது செக்-இன்னில் போகக் கூடாது. ஒரு மணி நேரம்கூட இல்லையென்றால் டப்பாவைத் தொட்டியில் போட்டுவிட்டு வாயிலுக்கு நடங்கள்.